உப்பு வட்டம் போட்டேன், சில நாளிலேயே வலு இறங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. எப்படிப் பலப்படுத்துவது?

விக்கா என்கிற மேற்கத்திய நவீன சூனிய வழிபாட்டுக் காணொளி பார்த்து அறையைச் சுற்றி உப்பைக் கொட்டிவிட்டு, அதற்குள்ளேயே படுத்து எழுந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊரை விட்டு வந்து தனியாக இருப்பவராகவும் இருக்கலாம்.

அந்த வட்டம் நாள்கணக்கில் நிற்பதற்கானதே இல்லை. இங்கிலாந்தில் பழைய சூனியச் சட்டம் 1951-இல் ரத்தான பிறகு ஜெரால்டு கார்ட்னர் வெளியே கொண்டுவந்த விக்கா முறையில், வட்டம் 9 அடி விட்டம். அதாமே என்கிற கத்தியால் வரைந்து, நான்கு திசைக் காவலர்களையும் அழைப்பார்கள். சடங்கு முடிந்ததும் அவர்களை வழியனுப்பிவிட்டு வட்டத்தைக் கலைத்துவிடுவார்கள். அடுத்த முறை புதிதாகத்தான் போட வேண்டும். பழைய ஐரோப்பிய மந்திரவாதிகள் வட்டம் போட்டது ஆவிகள் உள்ளே வராமலிருக்க. கார்ட்னரோ உள்ளே எழுப்பும் சக்தி சிதறாமலிருக்கத்தான் வட்டம் என்று எழுதினார். நீங்கள் பயத்துக்குக் காவலாகப் போட்டது இதைத்தான்!

நம் பக்கம் மட்டும் என்ன? சகஸ்ரநாமம் படிக்கிறவர்கள், மந்திரம் சொல்லி உடலைத் தொடுகிற நியாசத்தின் கடைசியில் 'பூர்புவஸ்ஸுவரோம் இதி திக்பந்த:' என்று திசைகளைக் கட்டுவார்கள். முடிக்கும்போது 'இதி திக்விமோக:' என்று அவிழ்க்க வேண்டும். பாதிப் பேர் முதலாவதை உரக்கச் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடுகிறார்கள்.

'இந்தக் காலத்திலும் சூனியமா' என்று கிளம்புகிறவர்களுக்கு: நான் யாரையும் நம்பச் சொல்லவில்லை. நானே எவ்வளவு நம்புகிறேன் என்று கேட்டால் நாளுக்கு நாள் பதில் மாறும். ஆனால் இந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, ஈரோட்டுப் பக்கம் கருப்பராயன் கோயில் பூசாரி. ஒருமுறை பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், பங்காளிகள் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தார். அப்பாரு போய் வீட்டைச் சுற்றித் திருநீறு போட்டு, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் புதைத்துக் கட்டினார். பை தூக்கிக்கொண்டு போனது நான். ஒரு மண்டலம் கழித்து அவிழ்க்கப் போனால் அந்த மனிதர் காலில் விழாத குறை. "இருக்கட்டுங்க சாமி, இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறனுங்க" என்கிறார். பணம் வேறு நீட்டினார். அப்பாரு மடங்கவில்லை. "கட்டுனவன் அவுத்துட்டுத்தான் போகோணும். ஊட்டுல நாளைக்கு நல்லது கெட்டது நடக்கோணுமல்ல? தெய்வமும் இந்த வாசல்லதான வரோணும்?" என்று சொல்லிவிட்டு, பழங்களைத் தோண்டி எடுத்து வாய்க்காலில் விட்டார். தட்டில் வைத்த 11 ரூபாய்க்கு மேல் தொடவில்லை. இப்போது இணையத்தில் 'ஆயுள் முழுவதற்கும் நிரந்தரக் கட்டு' என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அவிழ்க்கவே தெரியாதவன் கட்டியதை என்னவென்று சொல்வது?

இவ்வளவு செய்த மனிதரின் பெயர் அந்தக் கோயில் கும்பாபிஷேக நோட்டீசில் இல்லை. மைக் செட் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, போட்டோவோடு. கேட்டால் 'நன்கொடை வரிசைப்படிதான் போட்டோம்' என்கிறார்கள். அவர் கொடுத்த வருடங்களுக்கு எந்த ரசீதில் கணக்கு எழுதுவார்களாம்? சரி, அதை விடுங்கள், உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்றைக்கே யாரை அழைத்தீர்களோ அவர்களுக்கு நன்றி சொல்லி வட்டத்தைக் கலையுங்கள். மறுபடி வேண்டுமென்றால் அன்றைக்குப் போட்டு அன்றைக்கே முடியுங்கள். தூக்கம் வராததுதான் பிரச்சினை என்றால் ஒரு மருத்துவரையும் பாருங்கள், அதில் கௌரவம் பார்க்காதீர்கள். உப்பை மட்டும் உடனே கூட்டி அள்ளிவிடுங்கள். ஈரம் இழுத்துத் தரை பிசுபிசுத்தால் வீட்டுக்காரர் அட்வான்சில் பிடிப்பார்.