பித்தநீர் ஒழுகும் மூடி – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. சிலிக்கோன் வார்ப்புப் பட்டறை அனுபவங்களை நீங்கள் எழுதிவருவதால் இதைக் கேட்கிறேன். எண்டோஸ்கோப்பின் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, கருவிகளை உள்ளே விடும் துளையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். பித்தக்குழாய்க் கல்லை எடுக்கும் இ.ஆர்.சி.பி. சிகிச்சையின்போது அந்த மூடி வழியாகப் பித்தநீர் ஒழுகி மருத்துவரின் கையிலும் தரையிலும் சிந்துகிறது. நானும் இரண்டு தோழிகளும் ஒழுகாத மூடி ஒன்றைச் செய்தோம். தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் தொங்கவிட்டோம். ஒரு சொட்டுகூட வரவில்லை. மருத்துவமனையில் ஒரு செவிலியர் அதில் கம்பியை இரண்டு முறை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்க நேரம் வாய்க்கவில்லை. எங்கே தவறினோம்?

அன்புடன்,
ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் மூடியைக் கம்பி இல்லாமல் சோதித்திருக்கிறீர்கள். செவிலியர் கம்பியோடு சோதித்தார். உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இ.ஆர்.சி.பி.க்கான எண்டோஸ்கோப்பில் கருவி செல்லும் பாதை பெரும்பாலும் 4.2 மி.மீ. அகலம். அதற்குள் போகும் கைடு வயர், அதாவது மற்றக் கருவிகளுக்கு வழிகாட்டும் கம்பி, 0.9 மி.மீ. தடிமன்கூட இராது. அந்தக் கம்பியின் மேல் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் ஏறும், இறங்கும். பிறகு வேறொரு கருவி ஏறும். கதீட்டரை மருத்துவர் வெளியே இழுக்க இழுக்க, உதவியாளர் அதே அளவு கம்பியை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் கம்பியின் நுனி பித்தக்குழாய்க்குள் அசையாமல் நிற்கும். இறுக்கமான சிலிக்கோன் கதீட்டரைப் பிடித்து நிறுத்தும்; பிறகு சட்டென்று விடும். அந்த ஒரு வெட்டிழுப்பில் கம்பி நழுவிவிட்டால், குழாயின் வாயைத் தேடி மறுபடி நுழைய வேண்டும். அந்த வாயை அடிக்கடி குத்தித் துழாவினால் கணையம் அழற்சி கொள்ளும் ஆபத்து கூடுகிறது. செவிலியர் தன் விரலில் உணர்ந்தது அந்த வெட்டிழுப்பைத்தான் என்று நினைக்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி அறுவையில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிரப்பி வைப்பார்கள். கருவிகள் நுழையும் ட்ரோக்கார் குழாயில் அந்த வாயு கசியாமல் இருக்க ஓர் அடைப்பான் வார்த்துக் கொடுத்தோம். பட்டறையில் துளியும் கசியவில்லை. ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஊசிபிடிப்பானை அதில் விட்டு, பயிற்சிப் பெட்டிக்குள் ஒரு தையல் போட்டார். "நான் திசுவைத் தொடவில்லை, உங்கள் ரப்பரைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். அந்த வாக்கியத்தை இன்றுவரை மறக்கவில்லை.

அடைப்பானுக்கு இரண்டு வேலைகள் உண்டு. கருவி இல்லாதபோது மூடியிருப்பது ஒன்று. கருவி இருக்கும்போது அதைச் சுற்றி அணைத்திருப்பது மற்றொன்று. ஒரே சவ்வை இரண்டுக்கும் பயன்படுத்தினால் இரண்டிலும் குறை வரும். முதல் வேலையைச் செய்ய இறுக்கமே தேவையில்லை. பழைய சைக்கிள் டயரின் வால்டியூப்பைப் பார்த்திருக்கிறீர்களா? பம்பு அடிக்கும்போது அந்த மெல்லிய ரப்பர் குழாய் விலகிக் காற்றுக்கு வழிவிடும். அடிப்பதை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் காற்றே அதை அமுக்கி மூடிவிடும். வாத்தின் அலகைப் போல உள்நோக்கிக் கூம்பிய வால்வும் இப்படித்தான் வேலை செய்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் தானாக இறுகும், கருவி வந்தால் எளிதில் விலகும். இரண்டாம் வேலைக்கு அதன் மேலே மெல்லிய சவ்வில் ஒரு வட்டத் துளை வையுங்கள். சவ்வு பக்கவாட்டில் கொஞ்சம் மிதக்கட்டும். கம்பியைச் சாய்த்து இழுக்கும்போது துளை நீள்வட்டமாகிக் கசிவது இதனால் குறையும்.

ஆனால் 2 மி.மீ.க்கும் மேற்பட்ட கதீட்டருக்குப் பொருந்தும் துளை, அது போனபின் தனியாக நிற்கும் 0.9 மி.மீ. கம்பியை அணைக்காது. இங்கேதான் நான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். அந்த நேரத்தில் வெளியே வரும் பித்தநீரில் ஒரு பகுதி உள்ளழுத்தத்தால் தள்ளப்பட்டு வருகிறது. மற்றொரு பகுதி கம்பியிலும் கதீட்டரிலும் ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது கூடவே சவாரி செய்து வருகிறது. முன்னதை அடைக்க வேண்டும். பின்னதைத் துடைக்க வேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் துடைப்பு வராது. மூடிக்குள் பஞ்சு போன்ற நுரைத் துண்டு ஒன்றை வைத்தால் அது கம்பியை இறுக்காமலே ஈரத்தை வாங்கிக்கொள்ளும். உதவியாளர்கள் ஈரத் துணியால் கம்பியைப் பிடித்து இழுப்பதைக் கவனியுங்கள்; மூடி செய்ய வேண்டிய வேலையை அவர்கள் விரல்கள் செய்துகொண்டிருக்கின்றன.

தண்ணீரில் சோதித்ததும் உங்களை ஏமாற்றியிருக்கும். பித்த உப்புகள் சோப்பைப் போல் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பவை. தண்ணீர் நுழையாத இடுக்கில் பித்தநீர் ஊர்ந்து போகும். தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, அதே மூடியை மறுபடி தொங்கவிடுங்கள். எக்ஸ்ரேக்காகச் செலுத்தும் சாயமருந்து காய்ந்தால் பிசுபிசுக்கும். அதையும் சோதனையில் சேர்க்க வேண்டும்.

பட்டறைக்காரன் என்ற முறையில் இன்னொன்று. வால்வு திறப்பதற்காகச் சிலிக்கோனில் போட்ட கீறல், சூட்டில் கிருமிநீக்கம் செய்யும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளக்கூடும். கீறல் உதடுகளில் துளி சிலிக்கோன் எண்ணெய் தேவைப்படும். கீறலின் இரு முனைகளையும் கூராக விடாமல் சிறு வட்டமாக முடியுங்கள். சிலிக்கோன் எளிதில் கிழியும், கிழிசல் கூர்முனையிலிருந்துதான் ஓடும். கிழியாத இயற்கை ரப்பருக்கு மாறலாமே என்று தோன்றினால், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ள நோயாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை சட்டை கறைபடாமல் இருப்பதற்காக மட்டும் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எண்டோஸ்கோப்பில் உறிஞ்சும் பாதையும் கருவிப் பாதையும் ஒன்றாகச் சேர்கின்றன. மூடி கசிந்தால் உறிஞ்சும்போது குடல்நீருக்குப் பதில் அறைக் காற்று உள்ளே வரும். குடலை விரித்து வைத்திருக்கும் வாயுவும் கசிந்தபடி இருக்கும். சுவர் சுருங்கி, மருத்துவர் பார்க்க வேண்டிய இடம் மறையும்.

அனுமதி கிடைத்தால் அந்த அறையில் ஒரு முழு நாள் நில்லுங்கள். திரையை விட்டுவிட்டு உதவியாளரின் இடது கையைப் பாருங்கள். கம்பியை எத்தனை முறை மாற்றினார், எந்த நொடியில் துணியை எடுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். புது மூடியை முதலில் அதே செவிலியரிடமே கொடுங்கள். இந்த முறை அவர் எத்தனை தடவை இழுத்துப் பார்க்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.