படமாகப் போட்ட அறிவிப்பு

ஐயா,

நாங்குநேரி பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தின், அதாவது சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தின், இணையதளத்தைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன். வேலை சென்னையில். ராத்திரிதான் நேரம் கிடைக்கும். தளத்துக்கு ஆளே வருவதில்லை. வேர்ட்பிரஸிலேயே இருக்கலாமா, வேறு எதற்காவது மாறலாமா? பேராயர் படம், ஐயர் (சேகர குருவானவர்) படம், கமிட்டி அங்கத்தினர் படம் எல்லாம் முகப்பில் வேண்டும் என்கிறார்கள். வரலாற்றுப் பக்கம் ஒன்றும் எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு உங்கள் மகன் வயதுதான்.

சா.

அன்புள்ள தம்பி,

மகன் வயது என்று எழுதிவிட்டீர்கள். அந்த உரிமையில் நீ என்றே எழுதுகிறேன்.

தளத்தைப் பார்த்தேன். வேலை முடிந்து வந்து, ராத்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊர்க் கோயிலுக்காக ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்பதே எனக்குப் பெரிது. இதுவரை ஒருவரும் உன்னைப் பாராட்டியிருக்க மாட்டார்கள். ஐயர் இனிஷியலில் ஓர் எழுத்து மாறிப்போயிருந்தால் மட்டும் நாலு பேர் போன் பண்ணியிருப்பார்கள். கோயில் வேலை அப்படித்தான்.

படம் போடச் சொன்னால் போட்டுவிடு, சின்னதாக. அதற்கெல்லாம் கமிட்டியோடு மல்லுக்கு நிற்காதே. வரலாற்றுப் பக்கத்தில் 1785-ல் கிளாரிந்தா கட்டிய கோயில், 1820-ல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது, 1826-ல் ஊசிக்கோபுரக் கோயில் என்று வரிசையாக இருக்கிறது. நம் பக்கத்துச் சபைத் தளங்கள் பலவற்றில் இதே பத்திகளை, இதே எழுத்துப்பிழைகளோடு படித்திருக்கிறேன். உங்கள் கோயில் மணியை வாங்கிக் கொடுத்தது யார்? ஓலைக்கூரை எப்போது ஓடானது? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெரியவர்களிடம் கேட்டு மெல்ல எழுது.

இனி திட்டு. உன் அறிவிப்புகள் பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. எல்லாம் படம். வாட்ஸப்பில் சுற்றிய அசனப் பண்டிகை (கோயிலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) போஸ்டரை அப்படியே தூக்கி ஒட்டியிருக்கிறாய்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்த அண்ணாச்சிக்குக் கண் தெரியாது. பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி அது. பிரெயில் வேதாகமத்தை மடியில் விரித்து, விரலால் தடவிக்கொண்டே பாடம் வாசிப்பார். எண்ணாகமத்திலும் நாளாகமத்திலும் வருகிற பெயர்ப் பட்டியல்களில் சபை ஊழியரான உபதேசியாரே தட்டுத் தடுமாறுவார். அண்ணாச்சி நிற்காமல் போவார். யாருக்கு எத்தனையாம் தரம் ஓலை (கல்யாண அறிவிப்பு), புதன்கிழமை ஜெபம் யார் வீட்டில், கன்வென்ஷனுக்கு வேன் எத்தனை மணிக்கு என்று உபதேசியார் வாசிப்பதை ஒரு தரம் கேட்டால் போதும் அவருக்கு. ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவரைத்தான் சூழ்ந்துகொண்டு கேட்பார்கள். ஊருக்கே அறிவிப்பு சொன்னவர் அவர்.

இப்போது எழுபது தாண்டிவிட்டது. போனில் டாக்பேக் வைத்திருக்கிறார், விரல் பட்ட இடத்தை அது வாசித்துக் காட்டும். போன மாதம் என்னிடம் சொன்னார்: "நம்ம கோயில் வெப்சைட்ல அசனத் தேதி பாக்கலாம்னு தொட்டேன்டே. இமேஜ், இமேஜ்னு மட்டும் சொல்லுது. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு."

அன்றிலிருந்து இது மனசில் அரித்துக்கொண்டிருந்தது. உன் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. கண் தெரியாத பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கப் பள்ளி நடத்திய திருச்சபை நம்முடையது. இன்று அதே திருச்சபையின் அறிவிப்பை அந்தப் பள்ளியில் படித்தவரால் படிக்க முடியவில்லை.

கோயில் ஆபீசில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருகிறார்கள், தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது என்பாய். எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நம் கோயில் ஆபீசுக்கு இன்னும் என்ன தயக்கம்?

போஸ்டர் இருந்துவிட்டுப் போகட்டும். அதன் கீழே என்ன பண்டிகை, எந்தத் தேதி, என்ன கிழமை, எத்தனை மணி, எந்த இடம், ஆபீஸ் நம்பர் ஆகியவற்றைத் தட்டச்சு செய். படம் ஏற்றும்போது மாற்று உரை என்று ஒரு கட்டம் வரும், டாக்பேக் வாசிப்பது அதைத்தான். அதில் போஸ்டரில் உள்ளதைச் சுருக்கி எழுது. 'ஃபைனல் ஃபைனல் 2' என்று கோப்பின் பெயரையே விட்டுவைக்காதே. ஆள் வருவதில்லை என்று புலம்புகிறாயே, தாராவியில் இருக்கிற நம் ஊர்க்காரர் அசனம் என்றைக்கு என்று தேடினால், படத்துக்குள் கிடக்கிற தேதி எப்படிச் சிக்கும்? ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். போஸ்டரோ முந்தின வாரம்தான் வருகிறது. தேதி முடிவான அன்றே ஒரு வரி போடு. முடிந்துபோனதை எடு. போன வருஷத்து கிறிஸ்துமஸ் பவனி இன்னும் முதலில் நிற்கிறது.

வேர்ட்பிரஸைக் கேட்டிருந்தாய். அதிலேயே இரு. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பேரில் இருக்கிறது என்று பார். உன் சொந்த ஜிமெயிலில் இருந்தால் இந்த வாரமே சேகர ஆபீஸ் முகவரிக்கு மாற்று. ஐயருக்கு மாற்றல் வரும், உனக்கு வெளிநாட்டு வேலை வரும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிற பீரோவில் வைக்கச் சொல்.