விஜிலென்ஸ் ஏன் வரவில்லை?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ‘விஜிலென்ஸ்’ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். ‘லஞ்ச ஒழிப்பு போலீஸ்’ என்றேன். சிரிக்கிறாள். சரியான பொருளையும் எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் விளக்குங்கள். கூடவே ஒன்று: அந்த விஜிலென்ஸ்காரர்கள் எங்கள் பக்கம் தலைகாட்டுவதே இல்லையே, ஏன்?
(ஒரு வாசகர், பாலக்கோடு)

பதில்: மகள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. விஜிலென்ஸ் என்பது ஒரு குணத்தின் பெயர். ஆபத்து வரக்கூடும் என்று தெரிந்து, அது வராத நேரத்திலும் கண் அயராமல் இருப்பது. தளி, அஞ்செட்டிப் பக்கம் கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில் டார்ச் விளக்கோடு பரண்மேல் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் சொல்வார். யானை வந்தபின் வெடி போட்டு விரட்டுவது வேறு வேலை. யானை வராத இரவுகளிலும் விழித்திருக்கிறாரே, அதுதான் விஜிலென்ஸ்.

லத்தீன் வழி வந்த சொல். ‘விஜில்’ என்றால் இரவு விழித்திருத்தல். ஈஸ்டருக்கு முந்தைய இரவு தேவாலயங்களில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு அந்த வகைதான். விஜிலென்ஸ் பெயர்ச்சொல், ‘விஜிலன்ட்’ பெயரடை. ‘பி விஜிலன்ட்’ என்பதற்கு ‘பி விஜிலென்ஸ்’ என்று எழுதினால் மகளுக்கு மதிப்பெண் போய்விடும்.

‘விஜிலன்டி’ என்றொரு பங்காளியும் உண்டு. அவன் சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்பவன். 2018 மே மாதம், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் தங்களை விழிப்பானவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த இரண்டு சொற்களையும் உங்கள் மகள் ஒருநாளும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குணத்தின் பெயர் போலீஸின் பெயரான கதை சிறியது. 1964இல், ஊழலைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்த சந்தானம் குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. அதே ஆண்டு தமிழகத்திலும் லஞ்ச ஒழிப்புக்கென ஓர் இயக்ககம் வந்தது. இரண்டின் ஆங்கிலப் பெயரிலும் விஜிலென்ஸ் இருந்தது. நாம் மீதியை உதிர்த்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டோம். விழித்திருக்கும் வேலையையும் அவர்களிடமே ஒப்படைத்துவிட்டோம்.

இனி இரண்டாவது கேள்வி. நீங்கள் கேட்க வந்ததே இதுதான் என்று நினைக்கிறேன். யாராவது அவர்களைக் கூப்பிட்டீர்களா?

திடீர் சோதனை, வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து வழக்கு எல்லாம் தனி. கையும் களவுமாகப் பிடிக்க முதலில் ஒரு புகார்தாரர் வேண்டும். நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பொடி தடவி அவரிடமே கொடுத்து அனுப்புவார்கள். பொடி தடவியது பார்த்தால் தெரியாது. வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் கரைசல் இளஞ்சிவப்பாகிவிடும். பள்ளி ஆய்வகத்தில் உங்கள் மகளும் பார்த்திருப்பாள். அந்தக் கரைசல் பாட்டிலில் முத்திரையிடப்பட்டுச் சாட்சியமாக நீதிமன்றம் போகும். இத்தனையும் நடக்க, ‘இவர் என்னிடம் பணம் கேட்கிறார்’ என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊரில் அந்தக் கையெழுத்துக்குத்தான் பஞ்சம். ‘பட்டா மாறினால் போதும், வம்பு எதற்கு’ என்று கொடுத்துவிட்டு வந்து, டீக்கடையில் நாட்டைத் திட்டுவோம்.

கொடுப்பவருக்கும் இப்போது தப்பிக்க வழியில்லை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தினார்கள். லஞ்சம் கொடுப்பதற்கும் 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்துவிட்டால் குற்றமில்லை. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் ஏற்பாட்டின்படி கொடுத்தாலும் குற்றமில்லை.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. நீங்கள் ஏற்கெனவே யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. கொடுத்திருந்தால் நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்?