அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இ.எஃப். 35%': உங்கள் கேள்விக்கு

வணக்கம். அப்பாவின் சம்மரியில் 'இ.எஃப். 35%' என்று பார்த்துவிட்டு, இதயத்தில் மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில், ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதே இந்த இ.எஃப்., அதாவது இஜெக்‌ஷன் பிராக்‌ஷன். ஆரோக்கியமான இதயமே முழுவதையும் தள்ளாது. சுமார் 55 முதல் 70 வரைதான் இயல்பு. ஆக 35ஐ 100உடன் ஒப்பிடாதீர்கள், 60உடன் ஒப்பிடுங்கள். குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் மாத்திரைகளைத் தவறாமல் எடுத்தால் பலருக்குச் சில மாதங்களில் இது ஏறுவதுண்டு. மறுபடி எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்வது அதைப் பார்க்கத்தான்.

சம்மரியில் உள்ள மற்ற சொற்களுக்கு வருவோம். 'டாக்கிகார்டியா' என்றால் ஓய்வாக இருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 100க்கு மேல் போவது. 'டிஸ்னியா' மூச்சுத்திணறல். ரத்தத்தில் ஆக்சிஜன் 96 சதவீதம் என்பது நல்ல அளவே.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது 'ஆர்த்தாப்னியா'. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தணியும். படுக்கும்போது கால்களில் இருந்த ரத்தம் நெஞ்சுப் பக்கம் திரும்புகிறது. பலவீனமான இதயத்தால் அதைச் சமாளிக்க முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கிறது. ஒரு தலையணையில் தூங்கியவர் இரண்டு மூன்று கேட்க ஆரம்பித்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தினமும் காலையில் எடையும் பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினாலும் சொல்ல வேண்டும். உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, நெஞ்சு வலி, மயக்கம் என்றால் ஓபி நேரத்துக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.