சின்ன ஊரில் சல்சா ஆட இடம் தேடுபவர்களுக்கு: கேள்வி பதில்

கோவையில் ஒன்பது வருடமாக சல்சா, பச்சாட்டா என்ற லத்தீன் ஜோடி நடனங்களை ஆடி வருகிறேன். நண்பர்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறேன். கூகுளில் சல்சா என்று தேடினால் ஜும்பா வகுப்புதான் வருகிறது. இங்கே ஆட இடமே இல்லையா?

பதில்: இருக்கிறது, கூகுளுக்குத்தான் தெரியாது. சின்ன ஊர்களில் சோஷியல், அதாவது எல்லோரும் கூடி ஆடும் நிகழ்ச்சி, எல்லாம் வாட்ஸ்அப் குழுவுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். டான்ஸ் ஸ்டூடியோவுக்கு நேரிலேயே போய், "சோஷியல் எப்போ நடக்கும்?" என்று கேளுங்கள். ஜும்பா மாஸ்டரிடமும் கேட்டுப் பாருங்கள், அவருக்கு ஆடுகிற நாலு பேரைத் தெரிந்திருக்கும். இடம் கிடைத்துவிட்டால் விடாமல் போங்கள். பத்தே பேர் வருகிற இடத்தில் நீங்கள் ஒருவர் வரவில்லை என்றால், இன்னொருவர் பாட்டுக்குப் பாட்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: எனக்கு ஜோடி இல்லையே?

பதில்: தேவையே இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆள் மாறும்.

கேள்வி: சல்சாவில் நான் கற்றது ஆன் 2 பாணி. இங்கே எல்லோரும் ஆன் 1. என்ன செய்வது?

பதில்: இரண்டிலும் எட்டு வரை எண்ணும்போது காலடி 1-2-3, 5-6-7 தான். முன்னும் பின்னும் திசை மாறுவது ஆன் 1-இல் 1, 5 எண்ணிலும், நியூயார்க் பாணி ஆன் 2-இல் 2, 6 எண்ணிலும் வரும். சுற்றுகள் பெரும்பாலும் அதேதான். ஒரு மாதம் பழகினால் வந்துவிடும். ஆன் 2 ஆட ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் ஆடவே முடியாது.

கேள்வி: பச்சாட்டாவில் சிலர் ரொம்ப நெருக்கமாகப் பிடிக்கிறார்கள். மறுத்தால் தப்பாக நினைப்பார்களோ என்று தயக்கம்.

பதில்: தயங்காதீர்கள், அம்மா. "வேண்டாம், நன்றி" போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டி ஆடும் சென்சுவல் பாணி ஸ்பெயினில் பிறந்தது. பச்சாட்டாவின் தாய்வீடான டொமினிக்கன் குடியரசின் பாணியில் கால்வேலைதான் அதிகம், கையளவு இடைவெளி விட்டே அழகாக ஆடலாம். நடத்துபவரிடமும் சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவில் ஒருவரைப் பற்றிப் புகார் வந்தபோது, இருப்பதே பத்து பேர், அவரையும் இழக்க வேண்டாமே என்று நாங்கள் இரண்டு மாதம் பேசாமல் இருந்தோம். அதற்குள் மூன்று பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

கேள்வி: ஷூ?

பதில்: டைல்ஸ் தரையில் ரப்பர் அடிப்பாகம் பிடித்துக்கொள்ளும், சுற்றும்போது முழங்கால் திருகும். மெல்லிய தோல் அடிப்பாகம் நல்லது. தரையில் பவுடர் மட்டும் தூவாதீர்கள், பக்கத்தில் ஆடுபவர் வழுக்கி விழுவார்.

கேள்வி: நாங்கள் எட்டே பேர். சோஷியல் நடத்த முடியுமா?

பதில்: எட்டு பேர் தாராளம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள், மூன்று பேர் வந்தாலும் ரத்து செய்யாதீர்கள். முதல் அரைமணி புதியவர்களுக்கு அடிப்படைக் காலடி. அப்புறம் கடைசியில் ருயேதா வையுங்கள். 1950-களில் ஹவானாவில் தோன்றிய வட்ட ஆட்டம் அது. நாலு ஜோடி வட்டமாக நிற்க, ஒருவர் ஸ்பானிஷில் "தாமே!" (கொடு) என்று குரல் கொடுத்ததும் லீட் செய்பவர்கள், அதாவது ஜோடியில் ஆட்டத்தை வழிநடத்துபவர்கள், எல்லோரும் அடுத்த ஜோடிக்கு நகர வேண்டும். முதல் தடவை இரண்டு பேர் ஒரே கையைப் பிடிப்பார்கள், வட்டம் உடையும், எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்குத்தான் ஆடத் தொடங்கியவரும் அந்த வட்டத்தில் இருப்பார்.