வாக்கியத்தின் கடைசியில் ஒரு ‘வித்’

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் ‘மை மேனேஜர் இஸ் டிஃபிகல்ட் டு கெட் அலாங்’ என்று எழுதினேன். பக்கத்து சீட் நண்பர் கடைசியில் ‘வித்’ சேர்க்கச் சொன்னார். இன்னொரு மின்னஞ்சலில் ‘திஸ் ஃபார்ம் இஸ் ஈஸி டு ஃபில் இட் இன்’ என்று எழுதியிருந்தேன். அதில் ‘இட்’டை எடுக்கச் சொன்னார். ஓரிடத்தில் சேர், இன்னோரிடத்தில் எடு என்றால் எப்படி? இதற்கு விதி இருக்கிறதா, காதுப் பழக்கம்தானா?

பதில்: நண்பர் சொன்னது இரண்டுமே சரி. காரணமும் ஒன்றுதான்.

முதல் வாக்கியத்தில் மேனேஜர் முன்னால் வந்து எழுவாய் போல உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஒத்துப்போக முயன்று தோற்பவர் அவர் இல்லை, நீங்கள். அவருடைய சொந்த இடம் வாக்கியத்தின் கடைசி. அங்கேயே திருப்பி அனுப்பிப் பாருங்கள்: ‘இட் இஸ் டிஃபிகல்ட் டு கெட் அலாங் வித் மை மேனேஜர்’. இங்கே ‘வித்’ இல்லாமல் எழுத உங்களுக்கே கை வராது. மேனேஜர் எழுந்து முன்னால் போனாலும் ‘வித்’ இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஃபார்மையும் அப்படியே திருப்பிப் பாருங்கள்: ‘இட் இஸ் ஈஸி டு ஃபில் இன் திஸ் ஃபார்ம்’. ஃபார்ம் முன்னால் போய்விட்டால் அதன் பழைய இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும். அங்கே ‘இட்’ போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுத்த மாதிரி. தனி வாக்கியத்தில் ‘ஃபில் இட் இன்’ என்று நடுவில் ‘இட்’ செருகுவது சரியான ஆங்கிலம்தான், அதனால்தான் கை தவறுகிறது. (நம் ஊரில் ‘ஃபில் அப்’ என்போம். பிரிட்டிஷ்காரர் ‘ஃபில் இன்’, அமெரிக்கர் ‘ஃபில் அவுட்’. எதைப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.) ‘த டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க் இட்’ என்று எழுதுவதும் இதே தவறுதான். ‘டிரிங்க்’கோடு நிறுத்திவிடுங்கள்.

சரி, ‘வித்’தை மட்டும் நாம் ஏன் இவ்வளவு சுலபமாக விழுங்கிவிடுகிறோம்? இதற்குக் காரணம் உங்கள் ஆங்கிலம் அல்ல, உங்கள் தமிழ் என்று நினைக்கிறேன். ‘கத்தியால் வெட்டினேன்’ என்பதில் ‘ஆல்’ இருக்கிறது. ‘நான் வெட்டிய கத்தி’ என்று திருப்பினால் ‘ஆல்’ காணாமல் போகிறது. ‘வீட்டில் இருந்தேன்’ என்பது ‘நான் இருந்த வீடு’ ஆகும்போது ‘இல்’ போய்விடுகிறது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டியது. பெயர் இடம் மாறினால் உருபு உதிர்ந்துவிடும், பின்னால் அநாதையாக நிற்காது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்று ஆறு வகைப் பெயர்களை ‘வெட்டிய’, ‘இருந்த’ போன்ற பெயரெச்சம் ஏற்கும் என்று நன்னூல் சொல்கிறது. அந்த ஆறில் எது வந்தாலும் ‘வெட்டிய’ என்ற சொல் மாறுவதில்லை. கத்தியைக் கொண்டு வெட்டினோமா, கத்தியையே வெட்டினோமா என்பதைக் கேட்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலம் அந்த வேலையைக் கேட்பவரிடம் விடாது, ‘வித்’தை நிறுத்திவைத்துத் தானே சொல்லிவிடும்.

அதனால் ‘உட்கார வசதியான நாற்காலி’ என்று மனத்தில் ஓடும்போது விரல் ‘கம்ஃபர்டபிள் டு சிட்’ என்று அடித்துவிடுகிறது. நாற்காலியின் மேல்தான் உட்காருகிறோம், ஆகவே ‘கம்ஃபர்டபிள் டு சிட் ஆன்’. பேச எளிமையான மனிதர் ‘ஈஸி டு டாக் டு’. பொறுத்துக்கொள்ள முடியாத சத்தம் ‘ஹார்ட் டு புட் அப் வித்’. இங்கே ‘அப்’, ‘வித்’ இரண்டும் வேண்டும். ‘அப்’ வினையின் உறுப்பு, அதை எடுத்தால் பொருளே போய்விடும். ‘வித்’ பெயரைப் பிடித்திருந்த கை. சரியா என்று பார்க்க எல்லாவற்றுக்கும் அதே சோதனைதான், பெயரைக் கடைசிக்கு அனுப்புங்கள். ஒரு சின்ன விலக்கு: ‘எ நைஸ் ப்ளேஸ் டு லிவ்’ என்று ‘இன்’ இல்லாமல் எழுதலாம். அது ‘ப்ளேஸ்’ என்ற சொல்லுக்குக் கிடைத்த சலுகை. ‘திஸ் சிட்டி இஸ் எக்ஸ்பென்சிவ் டு லிவ் இன்’ என்பதில் ‘இன்’னை விட முடியாது.

வாக்கியத்தை ப்ரெபோசிஷனில் முடிக்கக் கூடாது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நானும் அடி வாங்கிக்கொண்டுதான் படித்தேன். 1672இல் கவிஞர் ஜான் ட்ரைடன், தனக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரியில் இதை ஒரு குறையாகச் சொன்னார். அதன் பிறகு இலக்கணப் புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆங்கிலம் பேசுகிறவர்களின் வாய் அதை ஒருநாளும் ஏற்கவில்லை. உங்கள் ‘வித்’தை இதற்காகப் பயந்து எடுக்காதீர்கள்.

ஆனால் எல்லா அட்ஜெக்டிவும் இப்படி நடந்துகொள்வதில்லை, இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1960களில் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி காட்டிய ஒரு வாக்கிய ஜோடி பிரபலம்: ‘ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்’, ‘ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்’. ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. முதலாவதில் ஜானைத் திருப்திப்படுத்துவது சுலபம், செய்பவர் வேறு யாரோ. இரண்டாவதில் மற்றவர்களைத் திருப்திப்படுத்த ஜானே துடிக்கிறான். ஈஸி, ஹார்ட், டிஃபிகல்ட், டஃப், இம்பாசிபிள் எல்லாம் முதல் கட்சி. ஈகர், ஹாப்பி, வில்லிங், ரெலக்டன்ட் போன்றவை இரண்டாவது. இரண்டாவது கட்சியில் யாரும் இடம் மாறவில்லை, காலி இடமும் இல்லை. அதனால் ‘ஐ ஆம் ஹாப்பி டு ஃபில் இட் இன்’ என்பதில் ‘இட்’ கட்டாயம் வேண்டும். உங்கள் நண்பர் இங்கேயும் அதை எடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். ‘ரெடி’ இரண்டு கட்சியிலும் கால் வைத்திருக்கும். ‘த சிக்கன் இஸ் ரெடி டு ஈட்’ என்றால் கோழி தட்டுக்குத் தயாரா, தீனிக்குத் தயாரா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘வித்’தை விழுங்குகிறவர்கள் இதையும் எழுதுவார்கள்: ‘ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம் டுமாரோ’. ‘நாளைக்கு வருவது எனக்குக் கஷ்டம்’ என்பதில் உள்ள ‘எனக்கு’ ஆங்கிலத்தில் ‘ஐ’ ஆகிவிட்டது. படிப்பவருக்கு நீங்களே ஒரு கஷ்டமான ஆசாமி என்று தோன்றும். ‘எனக்கு’ என்றால் ‘ஃபார் மீ’, ஆகவே ‘இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கம் டுமாரோ’. அப்புறம் ‘ஈஸி டு பி சால்வ்டு’ என்று செயப்பாட்டுக்குப் போகாதீர்கள், ‘ஈஸி டு சால்வ்’ போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் இடறல். ‘ஹீ இஸ் இம்பாசிபிள் டு டாக் டு’ நல்ல ஆங்கிலம். அதை நம்பி ‘ஹீ இஸ் பாசிபிள் டு டாக் டு’ என்று எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார். ‘இம்பாசிபிள்’ பெயரை முன்னால் விடும், ‘பாசிபிள்’ விடாது. அதற்கு ‘இட் இஸ் பாசிபிள் டு டாக் டு ஹிம்’ என்று நேராக எழுதுவதே வழி.