அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து மண் கட்டடங்களைப் பார்க்கச் செல்பவர்கள் எங்கே நேரம் செலவிட வேண்டும்?

மாநிலத் தலைநகர் சான்டா ஃபேயோடு பயணத்தை முடித்துக்கொள்ளாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்நகரம் அழகானதுதான். ஆனால் பழைய பகுதியின் கட்டடங்கள் மரபுத் தோற்றத்தில் அமைய வேண்டும் என்று 1957இல் நகர விதி வந்ததால், மண் நிறத்தில் தெரியும் பல சுவர்களுக்குள் மரச்சட்டமும் மேலே சிமென்ட் பூச்சுமே இருக்கின்றன. அசல் மண் சுவரின் கனம் ஜன்னல், வாசல் குழிவுகளில் தெரிந்துவிடும்.

அங்கிருந்து சிமாயோ, ட்ருச்சாஸ், லாஸ் ட்ராம்பாஸ் வழியாகச் செல்லும் மலைச்சாலையில் டாவோஸ் (Taos) என்ற ஊரை நோக்கிப் போங்கள். டாவோஸுக்குச் சற்றுத் தெற்கே, ராஞ்சோஸ் டி டாவோஸில் உள்ள சான் பிரான்சிஸ்கோ டி அசிஸ் தேவாலயத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். களிமண், மணல், வைக்கோல் சேர்த்து வெயிலில் உலர்த்திய கற்களால் கட்டிய அந்தத் தேவாலயத்துக்கு, பராமரிப்புச் சுமையைக் குறைக்கலாம் என்றெண்ணி 1967இல் சிமென்ட் பூசினார்கள். விரிசல் வழியே உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியின்றித் தங்கிச் சுவரையே இளக்கியதால், 1979இல் அந்தப் பூச்சை அகற்றி மீண்டும் மண்ணே பூசினார்கள். இன்றும் கோடைதோறும் ஊர் மக்கள் கூடித் தம் கைகளாலேயே மண் பூசுகிறார்கள். மழைக்கு மண் கரைவதைக் குறையாகக் கருதக் கூடாது. கரைவது மேற்பூச்சு மட்டுமே, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் சுவர் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். முன்வாசலோடு நின்றுவிடாமல் பின்புறமும் போய்ப் பாருங்கள். ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்த, சாய்ந்து பருத்த தாங்குசுவர்கள் அங்கேதான் இருக்கின்றன.

அடுத்துப் பார்க்க வேண்டியது டாவோஸ் புவெப்லோ என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் பழைய மண் குடியிருப்பு. 1992இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அதன் அடுக்கு வீடுகளில் அப்பழங்குடி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள்; பழைய வீடுகளுக்குள் அவர்கள் மின்சாரத்தையோ குழாய் நீரையோ அனுமதிப்பதில்லை. குளிர்காலத்தின் பிற்பகுதியில் சில வாரங்களும், சடங்குகளின்போதும் வெளியாருக்கு அனுமதி இராது என்பதால் முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள். கேட்காமல் எவரையும் படம் எடுக்காதீர்கள். அடைப்பிட்ட இடங்களுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் நுழையாதீர்கள்.

காற்று வறண்டிருப்பதால் தாகம் எடுக்குமுன்பே நீர் அருந்துங்கள். உயரத்துக்கு உடல் பழகும்வரை, முதல் நாளில் மெதுவாக நடங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதப் பிற்பகல்களில் இடிமழை திடீரென வரக்கூடும் என்பதால், வெளியே நின்று பார்க்க வேண்டியவற்றைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.